குதிரைக்கு ஐம்பது ஏக்கர்! குழந்தைக்கு?

2023ஆம் ஆண்டின் கோடைக்காலம். மலர்க்காட்சி காட்டுவதற்காக, நாம் பாடம் சொல்லும் பள்ளியிலிருந்து நாற்பது மாணவரை உதகைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அவர்களிற் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் தாய்மாரின் செல்வங்கள். லைன் வீட்டின் ஒற்றை அறையிலே பிறந்து, அவ்வறையின் வாசலையே ஆடுகளமாகக் கொண்டு வளர்ந்தவர்கள். பேருந்து நிலையத்துக்கு அருகே இறங்கியதும் அவர்கள் கண்ணில் முதலிற் பட்டது மலரன்று. பரந்து விரிந்த பச்சைப் புல்வெளி! சுற்றிலும் வேலி. வேலிக்குள்ளே குதிரைகள் பறந்தன. பணம் கட்டியோர் ஆர்ப்பரித்தனர். நம் பிள்ளைகள் கம்பியைப் பற்றிக்கொண்டு வாய்பிளந்து நின்றனர்.

ஒரு சிறுவன் கேட்டான்: "சார், இந்தக் கிரவுண்டு யாரோடது?"

"அரசாங்கத்தோடதுடா."

"அப்ப நம்மளோடதுதானே சார்? நாம ஏன் வெளியே நிக்கிறோம்?"

வரலாறு கற்பிப்பவர் நாம். அசோகன் மரம் நட்டதையும் அக்பர் வரி விதித்ததையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். ஆனால், அன்று அந்தப் பன்னிரண்டு வயதுப் பாலகனின் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. "வாடா, நேரமாகிறது" என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றோம். விடை தெரியாத ஆசிரியன் வேறென்ன செய்வான்? அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறோம்.

ஆடும் விளையாட்டு, காட்டும் விளையாட்டு

விளையாட்டு இரு வகை. ஒன்று, மக்கள் தாமே ஆடுவது. தெருவிலே பம்பரம் சுழற்றும் சிறுவனும், திடலிலே கபடி பாடும் காளையும், பள்ளி மைதானத்திலே ஓடும் நங்கையும் ஆடுவது அது. மற்றொன்று, சிலர் ஆடப் பலர் பணம் கொடுத்துப் பார்ப்பது. அங்கே நுழைவுச் சீட்டு உண்டு, பந்தயப் பணம் உண்டு, கணக்கப்பிள்ளை உண்டு, ஆதாயம் உண்டு. இரண்டாவது வகையை நாம் பழிக்கவில்லை. பார்ப்பதிலும் இன்பம் உண்டு; ஆடுவோரின் திறமைக்கும் மதிப்பு உண்டு. நாம் எழுப்பும் வினா ஒன்றே: அந்தக் காட்டும் விளையாட்டுக்கான களத்துக்கு, பார்க்கவே வராத ஊரார் எதற்காகப் பணம் தரவேண்டும்?

"நாங்கள் எங்கே பணம் கொடுத்தோம்? நகராட்சி வரவு செலவிலே அப்படி ஓர் இனமே இல்லையே!" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லைதான். அமெரிக்கப் பட்டணங்கள் கடன் பத்திரம் விற்றுப் பகிரங்கமாகக் கொடுக்கின்றன. நம் நாட்டிலோ கொடுக்கும் முறை வேறு, நிலமாகக் கொடுக்கிறோம். சந்தையிலே கோடி பெறும் மண்ணைச் சில்லறைக்குக் குத்தகை விடுவதும், அச்சில்லறையும் வராதபோது பல்லாண்டு பேசாதிருப்பதும் மானியமே. கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாலென்ன, கருவூலத்துக்கு வரவேண்டியதை வாராமல் தடுத்தாலென்ன? பை காலியாவது ஒன்றே!

மண்ணின் கதை

உதகையின் அந்தப் புல்வெளிக்கு ஒரு வரலாறு உண்டு.

மலையிலே முதலில் இருந்தவர்கள் தோடரும் படகரும் கோத்தரும் குறும்பரும் இருளருமே. மந்துகளில் எருமை வளர்த்து வாழ்ந்த தோடருக்கு இம்மேட்டுப் புல்வெளிகள் மேய்ச்சல் நிலம். வழிபாட்டு நிலமும் அதுவே. 1819இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சில ஆண்டுகளில் கல் பங்களா எழுந்தது. ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலையில் தோடரிடம் அவர் நிலம் வாங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. தோடரின் நில உரிமைக்காகப் பின்னர் வாதாடியவரும் அதே சல்லிவன்தான் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். அவருடைய முயற்சியால் 1823க்கும் 1825க்கும் இடையில் ஓடைகளைத் தடுத்து ஏரி ஒன்று உருவாயிற்று.

அன்றைய ஏரி இன்றைய ஏரியைவிடப் பெரியது. நாளாவட்டத்தில் அதன் மேற்பகுதி தூர்ந்தது. தூர்ந்த இடம் மேடாக்கப்பட்டது. இன்று பேருந்து நிலையம் நிற்பதும், குதிரைப் பந்தயத் திடல் விரிந்ததும் அந்த ஏரி நிலத்திலேதான். ஆக, அது தனி ஒருவர் வியர்வை சிந்தித் திருத்திய கழனியன்று. விலை கொடுத்து வாங்கிய தோட்டமுமன்று. ஊர்ப் பொதுநீர் நின்ற நிலம், ஊர்ப் பொதுநிலமாயிற்று.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் ஆட்சியே கோடையில் மலையேறிவிடும். கவர்னர் வருவார், அவர் பின்னே செயலாளர்கள், கோப்புகள், சமையற்காரர்கள், குதிரைகள்! சமவெளியிலே உழவன் கட்டிய வரியில் அந்த ஊர்வலம் நடந்தது. வந்தவர்களுக்குப் பொழுது போகவேண்டாமா? நரி வேட்டைக்கு ஒரு சங்கம். பில்லியர்ட்ஸ் ஆட ஒரு கிளப். உலகம் இன்று ஆடும் ஸ்நூக்கரின் விதிகள் 1882இல் உதகைக் கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன என்பார்கள். அந்த வரிசையிலே, 1886 அளவில் தொடங்கியது உதகைக் குதிரைப் பந்தயம். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் மலை ரயில் வந்தபின் கூட்டம் பெருகிற்று.

ஆண்டான் ஆடினான், அடிமை வேடிக்கை பார்த்தான். 1947க்கு முந்திய கதை என்று இதை மூடிவிடலாமா? முடியாது, தோழர்களே! கொடி மாறிற்று, குத்தகை மாறவில்லை.

குத்தகைக் கணக்கு

உதகையில் சென்னைக் குதிரைப் பந்தயக் கழகத்திடம் இருந்த அரசு நிலம் ஏறத்தாழ 52 ஏக்கர். அதன் குத்தகைக் காலம் 1978ஆம் ஆண்டோடு முடிந்தது. முடிந்த பின்னும் ஆண்டுதோறும் ஏப்ரல் பிறந்தால் குதிரைகள் மலையேறின, பந்தயம் நடந்தது. 2001ஆம் ஆண்டு முதல் வாடகை பாக்கி என்று அரசு கணக்கிட்டது. பாக்கி ஏறி ஏறி 822 கோடி ரூபாய் என்றாயிற்று. கழகம் அக்கணக்கை ஏற்கவில்லை, வழக்குகள் நடந்தன. இறுதியில் 2024 ஜூன் திங்களில் வருவாய்த் துறையினர் திடலுக்குள் சென்று நிலத்தைக் கையகப்படுத்தினர். அங்கே சூழல் பூங்கா அமைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது.

1978 எங்கே, 2024 எங்கே? நாற்பத்தாறு ஆண்டுகள்! புறம்போக்கிலே ஓலைக் குடிசை போட்ட ஏழைக்கு நாற்பத்தாறு நாள் தவணை தருவாரா? எந்தக் கட்சி ஆண்டது என்று பார்த்தால், எல்லாக் கட்சியும்தான் ஆண்டது. எனவே ஒருவர்மேல் மட்டும் விரல் நீட்ட நாம் விரும்பவில்லை. கேளாதிருந்த குடிமக்கள் என்ற வகையில் நமக்கும் அதிலே பங்குண்டு.

சமவெளியில் நடந்ததைப் பாருங்கள். கதை இன்னும் தெளிவாகும். சென்னை கிண்டியில் அதே கழகத்துக்கு 160 ஏக்கர் அரசு நிலம், 1945இல் எழுதப்பட்ட ஒப்பந்தப்படி 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய் சொச்சம்! மாதத்துக்கன்று, ஆண்டுக்கு. ஏக்கருக்கு என்று வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. நீலகிரித் தேயிலையில் போட்ட ஒரு குவளைத் தேநீர் இன்று கடையிலே பத்துப் பன்னிரண்டு ரூபாய். ஒரு குவளைத் தேநீரின் விலைக்குச் சென்னை மாநகரின் நடுவே மூன்று ஏக்கர், ஓராண்டுக்கு! அத்தேயிலையைப் பறித்த பெண்ணின் மகன் வேலிக்கு வெளியே நிற்கிறான்.

வாடகையை உயர்த்த 1970இலேயே அரசு முயன்றது. வழக்கு வளர்ந்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கியைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு அக்குத்தகையை முறித்து நிலத்தை மீட்க முனைந்தது. அதன் பின்னும் வழக்கு மன்றப் படிகள் தேய்ந்தன.

ஒழுக்கமும் கணக்கும்

இங்கே, சீர்திருத்தம் விழையும் இளைஞர் கருதவேண்டிய பாடம் ஒன்றுண்டு.

1974இல் கலைஞர் கருணாநிதி தலைமையிலான அரசு, குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. பந்தயம் சூதாட்டம், சூது குடியைக் கெடுக்கும், ஆகவே ஒழிப்போம் என்பது நோக்கம். கழகம் வழக்காடியது; சட்டம் நடைமுறைக்கு வராமல் தடைபட்டது. 1986இல் எம்.ஜி.ஆர் ஆட்சி, கழகத்தையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டத்தை இயற்றியது. அதுவும் வழக்கில் சிக்கிற்று. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது: குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, திறமை மேலோங்கிய விளையாட்டு; எனவே அது சூதாட்டச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. கழகத்தை எடுத்துக்கொள்ளும் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதென்றாயிற்று.

இருபத்திரண்டு ஆண்டு வழக்கு! சூது தீது என்ற வாதம் தோற்றது. "சரி, அது விளையாட்டே என்று வைத்துக்கொள்வோம். எங்கள் நிலத்துக்கு வாடகை எங்கே?" என்ற வாதமோ, வேலியையே திறந்தது.

இதன் பொருள் என்ன? பிறர் இன்பத்தைப் பழிப்பது எளிது. அப்பழிப்பினால் ஊருக்குக் காலணா வாராது. கணக்குக் கேட்பது கடினம். ஆனால் அதுவே பயன் தரும். பகுத்தறிவு என்பது கோயிலின் உண்டியலைப் பார்த்து மட்டும் கேட்கும் கேள்வியாக இருந்துவிடக் கூடாது. கிளப்பின் குத்தகைச் சீட்டைப் பார்த்தும், திடலின் வரவேட்டைப் பார்த்தும் கேட்கவேண்டும். யார் பணம்? யார் நிலம்? யாருக்கு ஆதாயம்? இம்மூன்று வினாவுக்கும் விடை தராத களம் எதுவாயினும், அதன் பெயர் எவ்வளவு பெருமைக்குரியதாயினும், நாம் ஐயுற்றே தீரவேண்டும்.

ரோமாபுரி முதல் மொண்ட்ரீல் வரை

ஊரார் செலவில் களம் கட்டும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. ரோமாபுரியின் மன்னர்கள் தேர்ப்பந்தயத்துக்கென்றே சர்க்கஸ் மாக்சிமஸ் என்ற பெருங்களத்தைப் பேணினர். அனுமதி இலவசம். ஏன் அத்துணைத் தாராளம்? களத்திலே கூவும் கூட்டம் அரண்மனையிலே வந்து கேள்வி கேட்காது என்ற கணக்கு! கான்ஸ்டாண்டிநோபிளிலும் அவ்வாறே. நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று தேரோட்டிகளின் பெயரால் மக்கள் பிரிந்து நின்றனர். 532ஆம் ஆண்டில் அவ்விரு கட்சியும் ஒன்று சேர்ந்து ஜஸ்டினியன் மன்னனுக்கெதிராக எழுந்தன. நகரம் எரிந்தது. பந்தயக் களத்துக்குள்ளேயே முப்பதாயிரம் பேர் வெட்டுண்டு மாண்டதாக அக்கால வரலாற்றாசிரியர் எழுதிவைத்தனர். மயக்குவதற்காக மன்னன் கட்டிய மேடை மக்களுக்கு மயானமாயிற்று.

இக்கால மன்னர்கள் வாள் ஏந்துவதில்லை. திட்ட அறிக்கை ஏந்துகின்றனர். கனடா நாட்டின் மொண்ட்ரீல் நகரத்தில் 1976இல் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ஆண்மகன் பிள்ளை பெறுவது எப்படி நடவாதோ, அப்படியே இப்போட்டியில் நட்டமும் நடவாது என்று நகரத்தலைவர் ழான் டிரப்போ மார்தட்டினார். நடந்ததென்ன? போட்டி நடந்தபோது அரங்கத்தின் கோபுரம்கூட முடிந்தபாடில்லை. கடன் தலைக்குமேல் ஏறிற்று. அதை அடைக்கப் புகையிலைமேல் வரி விதித்தனர். 2006இல்தான் கடன் தீர்ந்தது, முப்பது ஆண்டுகள்! அவ்வரங்கத்தில் ஆடிவந்த தொழில்முறை பேஸ்பால் அணியோ, 2004ஆம் ஆண்டுப் பருவத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வாஷிங்டனுக்குப் போய்விட்டது. அணி போயிற்று, வரி நின்றது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கதை இன்னும் வேடிக்கையானது. 1976இல் திறந்த கிங்டோம் என்ற அரங்கத்தை 2000ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அணி முதலாளிகளுக்குப் புதிய அரங்கம் வேண்டுமாம்! தகர்த்த அரங்கத்தின் கடனை மக்கள் 2015 வரை கட்டினார்கள். இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து ஆண்டுத் தவணை!

இவ்வூர்கள் ஏமாந்தது எப்படி? அணிகள் சில, அணி வேண்டும் ஊர்கள் பல. "நீ கட்டித் தராவிட்டால் அடுத்த ஊர் கட்டித் தரும்" என்று முதலாளி மிரட்டுவான். ஊர்த்தலைவர் அஞ்சுவார். அரங்கம் வந்தால் வேலை பெருகும், வணிகம் வளரும் என்று வாக்குறுதி வரும். ஆனால், ஆராய்ந்த பொருளியலாளர் பலர் கண்ட உண்மை வேறு. குடும்பத் தலைவன் மாதம் கேளிக்கைக்கு ஒதுக்கும் தொகை ஓரளவுதான். அரங்கத்திலே அதைச் செலவிட்டால், சினிமாக் கொட்டகைக்கும் உணவு விடுதிக்கும் போவது குறையும். ஊருக்குள் சுற்றிய பணம் அரங்கத்துக்குள் புகுந்து, அங்கிருந்து எங்கோ வாழும் ஆட்டக்காரர் கைக்கும் முதலாளி கைக்கும் போய்ச் சேரும். புதுப் பணம் பிறக்கவில்லை. பழைய பணம் இடம் மாறிற்று. ரோஜர் நால், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய இருவர் தொகுத்து 1997இல் வெளிவந்த ஆய்வு நூல் இதைத்தான் ஊர் ஊராகக் கணக்கிட்டுக் காட்டிற்று.

எதிர்வாதம் கேட்போம்

எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்பெழுதுவது நம் வழக்கமன்று.

"பந்தயம் போனால் உதகைக்கு வருவோர் குறைவார்களே!" என்பது முதல் வாதம். அன்பர்களே, உதகையின் நோய் ஆள் வாராமையா? 2024 மே திங்கள் முதல், மலைக்கு வரும் வண்டிகள் இ-பாஸ் பெற்றே வரவேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்ததே, எதனால்? வண்டிகளின் நெரிசலால் மலை மூச்சுத் திணறியதால்! வருவோரை எண்ணிக் கட்டுப்படுத்தவேண்டிய ஊருக்கு, வருவோரை இழுக்க மானியக் களம் எதற்கு? 1896 முதல் நடந்துவரும் மலர்க்காட்சிக்குக் குதிரை ஓடியா கூட்டம் சேர்ந்தது?

"பந்தயத்தை நம்பிப் பிழைப்போர் இருக்கிறார்களே!" என்பது இரண்டாவது வாதம். இதை நாம் ஒதுக்கமாட்டோம். லாயத்திலே குதிரை தேய்க்கும் கூலியாள், லாடம் அடிப்பவர், புல் விற்பவர், வேலியோரம் சுண்டல் விற்கும் மூதாட்டி ஆகிய இவர்களெல்லாம் நம்மவர்கள். சீமானின் குத்தகை முடியும்போது ஏழையின் அடுப்பு அணையுமானால், அச்சீர்திருத்தம் பாதிச் சீர்திருத்தமே. மீட்ட நிலத்தில் அமையும் வேலைகளில் முதல் உரிமை இவர்களுக்கே தரவேண்டும். ஆனால் ஒன்று. சில வாரச் சீசனுக்குக் கிடைத்த இக்கூலியைக் காட்டி, ஆண்டு முழுவதும் 52 ஏக்கரைப் பூட்டிவைக்கக் கேட்பது நியாயமாகுமா? சுண்டல்கார மூதாட்டியின் முந்தானைக்குப் பின்னே கோடீசுவரர்கள் ஒளிந்துகொள்ளலாமா?

"நூற்றாண்டுப் பாரம்பரியமாயிற்றே!" என்பது மூன்றாவது. பழமை ஒன்றே பெருமையாகுமானால், பல்லக்குத் தூக்கியதும் பழமைதான்.

நான்காவது வாதம்தான் கூர்மையானது: "அப்படியானால் அரசு விளையாட்டுக்கே செலவிடக் கூடாதா?" செலவிடவேண்டும், இன்னும் மிகுதியாகச் செலவிடவேண்டும்! ஆனால் மக்கள் ஆடும் விளையாட்டுக்கு. உதகையில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் பெயரால் அரசு அமைத்த திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. அத்தகைய களங்கள் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் தேவை. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்க இசைந்தவர்கள் 5,25,000 பேர். அவ்வாறு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு வேலை தரவே இம்மலையில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று நம் வகுப்பிலே அமர்ந்திருக்கிறார்கள். சரிவிலே தேயிலை, மேட்டிலே காடு, நடுவிலே லைன் வீடு. பந்தை உதைத்தால் பள்ளத்துக்குப் போய்விடும்! சமநிலம் என்பதே மலையிலே அரிய பொருள். அந்த அரிய பொருளில் 52 ஏக்கரை, அதுவும் உதகையின் நடுவிலே, இத்தனைக் காலம் யாருக்குக் கொடுத்திருந்தோம் என்பதுதான் கேள்வி.

நாம் கைதட்டும் விளையாட்டுக்கும் அதே அளவுகோல்

குதிரையைப் பழித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குக் கண்ணை மூடிக்கொள்வது நேர்மையாகாது. சேப்பாக்கம் அரங்கமும் அரசு நிலத்திலே குத்தகைக்கு நிற்பதுதான். உரிய அனுமதி இல்லாமையால் அங்கே மூன்று பார்வையாளர் மாடங்கள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்ததை நாடறியும். 2008 முதல் ஐ.பி.எல் என்ற பெயரால் கோடிகள் புரளும் ஆட்டம் அது. நாமும் மஞ்சள் சட்டையைக் கண்டால் கைதட்டுபவர்களே, மறைக்கவில்லை. அதனாலேயே சொல்கிறோம்: நாம் விரும்பும் ஆட்டமாயினும், விரும்பாத ஆட்டமாயினும், பொதுநிலத்துக்குக் கணக்கு ஒன்றே.

அக்கணக்கு எப்படி இருக்கவேண்டும்? ஊதியத்துக்கு ஆடும் ஆட்டத்துக்குப் பொதுநிலம் தரப்படுமானால், வாடகை சந்தை மதிப்பை ஒட்டியிருக்கவேண்டும். தொண்ணூற்றொன்பது ஆண்டு என்று பேரன் காலம்வரை எழுதிவைக்காமல், குறுகிய தவணையில் எழுதி, தவணைக்கொருமுறை திருத்தவேண்டும். வரவு செலவு மக்கள் பார்க்கும்படி வெளியிடப்படவேண்டும். ஆட்டமில்லா நாட்களில் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கதவு திறக்கவேண்டும். வாடகை நின்றால், நாற்பது ஆண்டு காத்திராமல், நிலம் திரும்பவேண்டும்.

இதற்கும் மேலாக, ஊர் பணம் போடுமானால் ஊருக்குப் பங்கும் வேண்டும். இது கனவன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலே கிரீன் பே என்றொரு சிற்றூர். அவ்வூரின் கால்பந்து அணி 1923 முதல் பொதுமக்கள் பங்குதாரராயிருக்கும் அணி. பங்குக்கு இலாபம் இல்லை. ஒருவரே குவித்துக்கொள்ளவும் முடியாது. எனவே, "வேறூருக்குப் போய்விடுவேன்" என்று அங்கே மிரட்ட முதலாளியே இல்லை. பெரும்பட்டணங்கள் இழந்த அணியை அச்சிற்றூர் நூறாண்டாய் வைத்திருக்கிறது.

வேலி போயிற்று, கதவு வருமா?

இப்போது உதகைக்குத் திரும்புவோம். நிலம் மீண்டது என்று மகிழ்ந்து உறங்கிவிடலாமா? கூடாது. சூழல் பூங்கா என்கிறார்கள். நல்லது, வரவேற்கிறோம். அது ஏரி நிலம். மழைநீரைத் தாங்கி நிற்க இயற்கை வகுத்த பள்ளம். அருகே கோடப்பமந்துக் கால்வாய் ஊரின் கழிவைச் சுமந்து ஏரியை நோக்கி ஓடுகிறது. அந்நிலம் சிமெண்டுத் தரையாகாமல், நீர் உறிஞ்சும் பசும்பரப்பாக நிற்பதே ஊருக்கு நலம்.

ஆனால் நமக்கு ஓர் அச்சம் உண்டு. குதிரையின் வேலி போய், சுற்றுலாவின் வேலி வந்துவிடக் கூடாது. நுழைவுச் சீட்டு, செல்பி எடுக்க ஒரு மேடை, வண்டி நிறுத்த ஒரு வெளி, வெளியூரார்க்கென விலையேறிய கடைகள் என்று அமைந்துவிட்டால், கொழுந்து பறிப்பவளின் மகன் மீண்டும் கம்பிக்கு வெளியேதான் நிற்பான். முன்பு குதிரையைப் பார்த்தான். இனிப் பூவைப் பார்ப்பான். அவன் நிலை மாறிற்றா?

ஆகவே கேட்கிறோம். அவ்வைம்பது ஏக்கரில் ஐந்து ஏக்கரேனும் கட்டணமில்லா ஆடுகளமாகட்டும். பெண்பிள்ளைகள் அச்சமின்றி ஓடுவதற்கு ஒரு பாதை, முதியோர் அமர ஒரு நிழல், வெறுங்காலோடு வருபவனும் நுழையும் ஒரு வாயில் அமையட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அரங்கம் வேண்டாம், மாடம் வேண்டாம், விளக்குக் கோபுரம் வேண்டாம். மண் போதும். அந்த மண் நம்முடையதே!

நடவாததைக் கேட்கவில்லை. சல்லிவன் எழுப்பிய கல் பங்களாவை நினைவு கூருங்கள். ஆளவந்தார் அமர்ந்த அந்த மாளிகை இன்று என்னவாயிருக்கிறது? 1955 முதல் அங்கே அரசு கலைக் கல்லூரி! படகர் வீட்டுப் பிள்ளையும், தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும், சமவெளியிலிருந்து பிழைக்க வந்தவரின் பிள்ளையும் அங்கே பட்டம் பெறுகிறார்கள். மாளிகை கல்லூரியாகும்போது, பந்தயத் திடல் ஆடுகளமாகக் கூடாதா?

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஒரு திடல் இருக்கும். ஒரு கிளப் இருக்கும். ஒரு குத்தகைச் சீட்டு இருக்கும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். நிலம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். முழக்கம் பிறகு, முதலில் கணக்கு.

அன்று கேட்ட சிறுவன் இப்போது மேல் வகுப்புக்குப் போய்விட்டான். அந்நிலத்துக்கு அவனை ஒருநாள் மீண்டும் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம், கையிலே ஒரு பந்தோடு. "இது யாரோடது சார்?" என்று அவன் மறுபடியும் கேட்பானா, கேளாமலே உள்ளே ஓடுவானா? அது, அங்கே நாம் வைக்கச் செய்யும் வாயிலைப் பொறுத்தது.